ஸ்டென்ட் வைத்தாயிற்று, இனி மாத்திரை எதற்கு?

ஒரு வாசகரின் கேள்வி, 6 ஜனவரி 2024

என் மாமாவுக்கு நாலு மாதத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது ஒரு பல்லைப் பிடுங்க வேண்டும். இரத்தம் நிற்காமல் போய்விடும் என்று பயந்து ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டையும் முந்தாநாளிலிருந்து அவராகவே நிறுத்திவிட்டார். குழாயில் இருந்த அடைப்பை எடுத்தாயிற்றே, அப்புறம் மாத்திரை எதற்கு என்கிறார். எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

6 ஜனவரி, காலை 10.15

இதைப் படித்ததும் போனை எடுங்கள். ஸ்டென்ட் வைத்த மருத்துவரிடம் இன்றே பேச வேண்டும், நாளை வரை வேண்டாம். மாமாவுக்கு நெஞ்சில் ஏதாவது செய்தால் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனை. காரணமெல்லாம் இரவு எழுதுகிறேன்.

6 ஜனவரி, இரவு 9.40

பேசிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது.

நான் மருத்துவன் இல்லை. எனக்கு 2016இல் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அப்பாவுக்கு 1989இல் பலூன் சிகிச்சை நடந்தது. இரண்டுக்கும் இடையில் என்ன மாறியது என்று தெரிந்துகொள்ளும் கிறுக்கு பிடித்துப் பல வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் தகுதி அவ்வளவுதான்.

மாமா "எடுத்தாயிற்று" என்கிறார் பாருங்கள், கோளாறு அங்கேதான். யாரும் எதையும் எடுக்கவில்லை. பலூனை ஊதும்போது கொழுப்புப் படிவு விரிசல் விட்டுச் சுவரோடு நசுங்குகிறது, தமனியும் கொஞ்சம் விரிந்து கொடுக்கிறது. அது திரும்பச் சுருங்காமல் தாங்கிப்பிடிக்கிற உலோக வலைதான் ஸ்டென்ட். அதாவது அடைப்பு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, ஒதுங்கி நிற்கிறது. அதோடு, இரத்தம் ஓடும் இடத்தில் ஒரு புண்ணும் புதிதாக ஓர் உலோகமும் சேர்ந்திருக்கின்றன. உலோகத்தைப் பார்த்தால் இரத்தத் தட்டணுக்கள் கூட்டமாக வந்து ஒட்டும். உட்சுவரின் மெல்லிய தோல் வளர்ந்து வலையை மூடும்வரை அவற்றை ஒட்டவிடாமல் வைப்பதுதான் அந்த இரண்டு மாத்திரைகளின் வேலை. மாரடைப்புக்குப் பிறகு வைத்த ஸ்டென்ட் என்றால் வழக்கமாக ஓராண்டு இரண்டையும் கொடுப்பார்கள். ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்தால் மெதுவாக அடைக்காது, ஒரேயடியாக அடைத்துவிடும்.

குழாய் உவமை என்னையும் ரொம்ப நாள் ஏமாற்றியது. குழாய்க்கு உயிர் கிடையாது. தமனி நாம் செய்கிற ஒவ்வொன்றுக்கும் பதில் செய்கிறது.

7 ஜனவரி, இரவு 10.05

"உங்கள் அப்பாவுக்கும் ஸ்டென்டே வைத்திருக்கலாமே" என்று ஒருவர். 1989இல் ஸ்டென்ட் என்பது சில இடங்களில் மட்டும் சோதித்துக்கொண்டிருந்த பொருள். எங்களுக்கு அந்தச் சொல்லே தெரியாது. பலூனை ஊதினார்கள், வழி திறந்தது, பலூனை உருவிக்கொண்டார்கள். அப்பா மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, நெஞ்சைப் பிளக்காமலே வேலை முடிந்துவிட்டது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். ஐந்தாவது மாதம் அதே வலி, அதே இடத்தில். எங்கோ தப்பு நடந்துவிட்டது என்று நாங்கள் அந்த மருத்துவரைத் திட்டித் தீர்த்தோம். பிற்பாடுதான் தெரிந்தது, பலூன் மட்டும் போட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் அப்படித்தான் திரும்ப வரும் என்று. அவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார். இருந்த கருவியே அவ்வளவுதான்.

அந்தக் கருவியைக் கொண்டுவந்தவர் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக். டிரெஸ்டனில் பிறந்த ஜெர்மானியர், சூரிச்சில் வேலை. வீட்டுச் சமையலறை மேசையில் உதவியாளரோடு உட்கார்ந்து இரவிரவாகப் பலூன் ஒட்டினார் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவரைப் பாடாய்ப் படுத்தியது பலூனின் வடிவம். சாதாரண ரப்பர் பலூன் எங்கே எதிர்ப்பு குறைவோ அங்கே உப்பும். அடைப்பு இருக்கிற இடத்தை விட்டுவிட்டு முன்னும் பின்னும் குண்டாகும், நல்ல சுவரைக் கிழிக்கும். அவருக்கு வேண்டியது, ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் பெருக்காமல் கெட்டியாக நிற்கிற, நீள உருளையான ஒன்று. கடைசியில் பிவிசியில் அது அமைந்தது. 1974இல் காலில் பயன்படுத்தினார். 1976இல் நாய்களின் இதயத் தமனியில் செய்ததை மியாமியில் காட்டியபோது நம்பியவர்கள் குறைவு. 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில் முதல் மனிதர். நோயாளிக்கு வயது 38, குரூன்ட்சிக்குக்கும் 38. ஏதாவது ஆனால் உடனே பைபாஸ் செய்ய அறுவைக் குழு தயாராக நின்றது. ஒன்றும் ஆகவில்லை. பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்த இடம் திறந்தே இருந்தது.

அப்பாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இரண்டாம் முறையும் பலூன்தான். இந்த முறை மறுபடி அடைக்காமல் நின்றது.

அப்பாவின் பழைய புதிர் ஒன்று ஞாபகம் வருகிறது. உள்ளே படுக்க வைத்திருந்தபோது நடுவில் "இருமுங்கள், நன்றாக இருமுங்கள்" என்று கத்தினார்களாம். ஏன் என்று சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்காவது தெரியுமா?

ஸ்டென்ட் கதை 1986இல் லோசானில் உல்ரிச் சிக்வார்ட் மனிதருக்கு முதன்முதலாக வைத்ததோடு தொடங்குகிறது. அதை அப்புறம் பார்ப்போம்.

8 ஜனவரி, காலை 7.20

திருத்தம். முதலில் வைத்தவர் சிக்வார்ட் இல்லை. பிரான்சின் துலூஸ் நகரில் ஜாக் புவெல், 1986 மார்ச் 28. சிக்வார்ட் அதே ஆண்டில் கொஞ்சம் தள்ளி வருகிறார். இருவர் கையிலும் இருந்தது தானாக விரியும் வகை. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி, ஆனால் அந்தக் கிண்டல் இல்லாமலும் சொல்லியிருக்கலாம்.

8 ஜனவரி, மதியம்

பல்லில் தொடங்கிய இழை என்பதால் சொல்லிவைக்கிறேன். ஸ்டென்ட் என்ற பெயரே ஒரு பல் மருத்துவருடையது. சார்லஸ் ஸ்டென்ட், 19ஆம் நூற்றாண்டு லண்டன்காரர். பல் அச்செடுக்க ஒரு கலவை செய்தார். பிற்பாடு திசுவைத் தாங்கிப்பிடிக்கிற எதற்கும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. மாமாவிடம் சொல்லுங்கள், அவர் நெஞ்சில் ஏற்கெனவே ஒரு பல் மருத்துவர் உட்கார்ந்திருக்கிறார்.

9 ஜனவரி, இரவு 11.00

"துடிக்கிற இதயத்துக்குள் குழாயை விடலாம் என்று முதலில் எவனுக்குத் தோன்றியது?" என்று கேட்டவருக்கு.

வெர்னர் ஃபோர்ஸ்மான். 1929, ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே, வயது இருபதுகளின் நடுவில். இதயத்துக்குள் எதுவும் போனால் ஆள் செத்துவிடுவான் என்று எல்லோரும் நம்பிய காலம். மேலதிகாரி அனுமதி தரவில்லை. கருவிப் பெட்டியின் சாவி செவிலியிடம். அவரிடம் பேசி மனதை மாற்றினார், அவரோ "அப்படியானால் என்மேல் செய்யுங்கள்" என்று முன்வந்தார். இவர் அந்த அம்மாவை மேசையில் கட்டிப்போட்டுவிட்டு, திரும்பி நின்று, தன் இடது முழங்கை மடிப்பில் கீறி, சிறுநீர்க்குழாய்க்கென்று செய்த வடிகுழாயைத் தன் இரத்தக்குழாய்க்குள்ளேயே ஏற்றிக்கொண்டார். அப்புறம் கட்டை அவிழ்த்துவிட்டு, குழாய் கையில் தொங்க, படியிறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்தார். அங்கே இன்னும் தள்ளி, முனை வலது மேலறையில் நிற்பதைப் படம் எடுத்துக்கொண்டார்.

பாராட்டு கிடைக்கவில்லை, வேலையில் தொல்லைதான் கிடைத்தது. இதயத்தை விட்டுவிட்டுச் சிறுநீரகத் துறைக்குப் போனார். நாஜிக் கட்சியிலும் இருந்தார், அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனமில்லை. 1956இல் கூர்நான், ரிச்சர்ட்ஸ் இருவரோடு சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். அவர்கள் இருவரும் அந்தக் குழாயை முறையான ஆராய்ச்சிக் கருவியாக்கியவர்கள்.

அடுத்த கிறுக்கர் சார்லஸ் டாட்டர், அமெரிக்காவின் போர்ட்லேண்டில். அதுவரை குழாய் என்றால் எக்ஸ்ரேயில் தெரியும் சாயம் விட்டுப் படம் எடுக்கத்தான். போய்ச் சேர்ந்த இடத்தில் வேலையையும் முடித்துவிட்டு வரலாமே என்று முதலில் பிடிவாதமாகச் சொன்னவர் அவர். 1964 ஜனவரியில் 82 வயது அம்மா ஒருவர், காலை எடுத்தாக வேண்டும் என்ற நிலை, எடுக்க விடமாட்டேன் என்கிறார். டாட்டர் பலூன் இல்லாமல், ஒன்றைவிட ஒன்று பருமனான குழாய்களைச் செருகி அடைப்பை விரித்தார். அந்த அம்மா கடைசிவரை சொந்தக் காலில் நடந்தார். அறுவை மருத்துவர்கள் டாட்டரை 'பைத்தியக்கார சார்லி' என்றார்கள். படம் எடுக்கச் சொல்லி நோயாளியை அனுப்பும் சீட்டிலேயே "பார், ஆனால் சரிசெய்யாதே" என்று எழுதி அனுப்பினார்களாம். ஐரோப்பாவில்தான் அவர் முறைக்கு மரியாதை. குரூன்ட்சிக் அங்கேதான் அதைக் கற்றார்.

10 ஜனவரி

நேற்று தேதிகளைச் சரிபார்க்கும்போது கண்ணில் பட்டது. வளைந்த முனை கொண்ட ஆஞ்சியோ குழாய்களை வடிவமைத்த மெல்வின் ஜட்கின்ஸ், டாட்டர், இதயத் தமனிக்குள் சாயம் விட்டுப் படம் எடுத்த மேசன் சோன்ஸ், குரூன்ட்சிக், நால்வரும் இறந்தது 1985இல். ஜனவரி, பிப்ரவரி, ஆகஸ்ட், அக்டோபர். குரூன்ட்சிக் தானே ஓட்டிய விமானம் விழுந்து, மனைவியோடு, 46 வயதில். எந்த உட்பொருளும் இல்லை, ஆனாலும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

11 ஜனவரி, இரவு 9.30

மாத்திரைக்குத் திரும்புவோம்.

குரூன்ட்சிக் பேசியதை 1978இல் கேட்டவர்களில் ஒருவர் அர்ஜென்டினாவில் பிறந்த ஹூலியோ பால்மாஸ். விரித்த தமனி மறுபடி சுருங்காமல் உள்ளே ஒரு சாரம் நிறுத்தினால் என்ன என்று யோசித்தார். சுவர்ப் பூச்சு வேலைக்காரர்கள் பயன்படுத்தும் ஓட்டைபோட்ட உலோகத் தகடு ஒன்று அவர் கார்க் கொட்டகையில் கிடந்தது. இழுத்தால் கீறல்கள் வைரவடிவில் விரிந்து அப்படியே நிற்கும். மாதிரி அங்கிருந்து வந்தது. ரிச்சர்ட் ஷாட்ஸ் சேர்ந்தார், ஓர் உணவக முதலாளி பணம் போட்டார். 1994இல் இரண்டு பெரிய சோதனைகள் வெளிவந்தன. பெனஸ்டென்ட் சோதனையில் மறு அடைப்பு பலூனுக்கு 32 சதவீதம், ஸ்டென்டுக்கு 22.

ஆனால் வலைக்குள் இரத்தம் உறைந்தது. அதைத் தடுக்க ஆரம்பத்தில் வார்ஃபரின் உட்பட நாலைந்து மருந்தைக் கொட்டினார்கள். அதனால் தொடையில் குழாய் விட்ட இடத்தில் இரத்தக்கசிவு, நாட்கணக்கில் படுக்கை. மிலானில் அன்டோனியோ கொலம்போ குழாய்க்குள்ளிருந்தே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தார். வலை பல இடங்களில் சுவரோடு ஒட்டவே இல்லை. அதிக அழுத்தத்தில் பலூனை ஊதி நன்றாகப் பதித்துவிட்டால் வார்ஃபரின் தேவையில்லை, தட்டணுக்களை அடக்கும் இரண்டு மாத்திரை போதும் என்று 1995இல் காட்டினார். உங்கள் மாமா நிறுத்திய இரண்டு மாத்திரைகளின் பூர்வீகம் இதுதான். குளோபிடோக்ரெல் பிற்பாடு வந்தது, அன்றைக்கு இருந்தது டிக்லோபிடின்.

வலை வைத்தும் சிலருக்குத் திசு உள்ளே வளர்ந்து மறுபடி அடைத்தது. சரி, வளர விடாத மருந்தை வலைமேலேயே பூசுவோம் என்றார்கள். சிரோலிமஸ், ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் தந்த மருந்து. தீவின் உள்ளூர்ப் பெயர் ராபா நூயி என்பதால் ராபமைசின் என்றும் பெயர். 1999 டிசம்பரில் சாவ் பாவ்லோவில் எட்வர்டோ சூசா அதை மனிதருக்கு முதலில் வைத்தார். 2002இல் வந்த ரவெல் சோதனையில் ஆறு மாதத்தில் மறு அடைப்பு ஒருவருக்கும் இல்லை, வெறும் உலோகத்துக்கு 26.6 சதவீதம். நோய் ஒழிந்தது என்றே கொண்டாடினார்கள்.

அப்புறம் 2006, பார்சிலோனாவில் இதய மருத்துவர்கள் மாநாடு. கெட்ட திசுவை வளரவிடாத மருந்து, உலோகத்தை மூடவேண்டிய நல்ல தோலையும் வளரவிடவில்லை. ஓராண்டு தாண்டியும் சிலருக்கு வலை மூடாமல் நின்று திடீரென்று உறைந்தது. மாத்திரையைச் சீக்கிரம் நிறுத்தியவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதும் அந்தக் காலத்தில்தான் பளிச்சென்று தெரிந்தது. இப்போதைய ஸ்டென்டுகளில் கம்பி மெலிது, மருந்தும் பூச்சும் வேறு, ஆபத்து நிறையக் குறைந்திருக்கிறது. ஆனால் அதற்காக நாலாவது மாதத்தில் இரண்டு மாத்திரையையும் தானாகவே நிறுத்திவிட முடியாது.

12 ஜனவரி

கரைந்துபோகும் ஸ்டென்ட் பற்றிக் கேட்டவருக்கு: வந்தது, போய்விட்டது. அப்சார்ப் என்று ஒன்று, 2016இல் அமெரிக்க அனுமதி பெற்றது, 2017இல் விற்பனையை நிறுத்தினார்கள். கம்பி தடிமனாக இருந்தது, உறைவு கூடியது. யோசனை இன்னும் சாகவில்லை, வேறு பொருட்களில் முயல்கிறார்கள்.

13 ஜனவரி, இரவு 10.50

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எனக்கு மாரடைப்பு வரவில்லை. மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்கும், நின்றால் போய்விடும். அவ்வளவே. ஆஞ்சியோ மேசையில் படுத்திருக்கும்போதே மருத்துவர் திரையைக் காட்டி, "எண்பது சதவீதம், இப்படியே வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்" என்றார். கறுப்பு ஆறு ஒன்று நடுவில் நூலாக இளைத்திருந்தது. அதைப் பார்த்தபின் யார் வேண்டாம் என்பார்கள்? தலையாட்டினேன். அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்கும் கம்பி ஒன்று அப்போதே இருந்தது. அதைப் போட்டு, அடைப்பு உண்மையில் இரத்தத்தைத் தடுக்கிறதா என்று பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கத் தெரியவில்லை.

2007இல் வந்த கரேஜ் சோதனை, 2,287 பேர். என்னைப் போல நிலையான நெஞ்சுவலிக்காரர்களுக்கு, நல்ல மருந்தோடு ஸ்டென்டும் சேர்த்து வைத்ததால் சாவோ மாரடைப்போ குறையவில்லை. 2020இல் இஸ்கீமியா, ஐயாயிரத்துக்கும் மேல். அதே திசையில்தான் முடிவு. மாரடைப்புகள் பல, நூலாக இளைத்த இடத்தில் வருவதே இல்லை. பாதிகூட அடைக்காத, படத்தில் சாதுவாகத் தெரியும் படிவு வெடித்து அதன்மேல் இரத்தம் உறைந்து வருகின்றன. அந்தச் சாதுக்களை அடக்குவது மாத்திரையும் பழக்கமும்.

என்னை அதிகம் உறுத்தியது 2017இன் ஆர்பிட்டா. 200 பேர். எல்லோரையும் மேசையில் படுக்க வைத்து, மயக்கம் கொடுத்து, காதில் பாட்டு வைத்து, பாதிப் பேருக்கு ஸ்டென்ட், பாதிப் பேருக்குச் சும்மா. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆறு வாரம் கழித்து நடக்க வைத்தால் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான் ஸ்டென்ட் வைத்த மறுவாரமே மூன்று மாடி ஏறி அதை ஊருக்கெல்லாம் சொன்னவன். ஏறியது ஸ்டென்டா, ஸ்டென்ட் இருக்கிறது என்ற நம்பிக்கையா?

14 ஜனவரி, அதிகாலை 5.45

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியதைப் படித்துவிட்டு யாராவது "ஸ்டென்டே ஏமாற்று" என்று கிளம்பிவிடப் போகிறார்கள். மேலே சொன்னதெல்லாம் நிலையான நெஞ்சுவலிக்கு. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது கதை முற்றிலும் வேறு. தமனி முழுசாக மூடி, நிமிடத்துக்கு நிமிடம் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். அப்போது உடனே திறப்பது உயிரைக் காப்பாற்றும். கான்சஸ் சிட்டியில் ஜெஃப்ரி ஹார்ட்ஸ்லர் 1980களின் தொடக்கத்திலேயே உறைவு கரைக்கும் மருந்துக்குக் காத்திராமல் நேரே பலூனோடு போனார். 1993இல் வந்த சோதனைகள் அதைச் சரியென்று காட்டின. உங்கள் மாமாவுக்கு நடந்தது இந்த வகை. அவர் ஸ்டென்டை நான் குறை சொல்லவில்லை, என்னுடையதைத்தான் சொன்னேன்.

15 ஜனவரி

என்னுடையதையும் கொஞ்சம் பின்வாங்குகிறேன். போன நவம்பரில் ஆர்பிட்டா-2 வந்ததை விட்டுவிட்டேன். 301 பேர், நெஞ்சுவலி மாத்திரைகளை நிறுத்திவிட்டு அதே மாதிரி மறைத்துச் செய்தார்கள். இந்த முறை ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்தது. எல்லோருக்கும் முழுசாகப் போகவில்லை, ஆனால் குறைந்தது. ஆக, என் மூன்று மாடியில் ஒரு மாடியாவது ஸ்டென்டுடையது என்று வைத்துக்கொள்கிறேன்.

17 ஜனவரி

சின்ன விஷயம். அப்பாவுக்குத் தொடை வழியாகச் செய்துவிட்டு மேலே மணல் மூட்டை வைத்து இரவெல்லாம் காலை மடக்கவிடவில்லை. எனக்கு மணிக்கட்டு வழியாக. அரைமணியில் எழுந்து உட்கார்ந்தேன். லூசியன் காம்போ 1989இல் மணிக்கட்டு வழி ஆஞ்சியோ பற்றி எழுதினார், அப்பா மணல் மூட்டையோடு கிடந்த அதே வருடம். 1992இல் கீமெனை ஆம்ஸ்டர்டாமில் அதே வழியில் பலூன் செய்தார்.

20 ஜனவரி, இரவு 8.30

மாமாவுக்குப் பல் எடுத்தாகிவிட்டது என்று படித்தேன். இரண்டு மாத்திரையையும் நிறுத்தாமலே எடுத்தார்கள், இதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசிக்கொண்டார்கள், பஞ்சைக் கடித்துக்கொண்டு வழக்கத்தைவிட ஒரு மணிநேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். நல்ல சேதி.

அப்பாவின் இருமலுக்கும் விடை கிடைத்துவிட்டது. பதில் எழுதியவர் கேத் லேபில், அதாவது இதயத்துக்குள் குழாய் விடும் கூடத்தில், வேலை பார்த்தவர் போலிருக்கிறது. 1958 அக்டோபர் 30, கிளீவ்லேண்டில் மேசன் சோன்ஸ். பெருந்தமனியில் சாயம் விடுவதாக நினைத்து அழுத்துகிறார்கள், குழாய் முனை நழுவி வலது இதயத் தமனி வாய்க்குள் போயிருக்கிறது. சுமார் 30 மில்லி சாயம் நேராக உள்ளே. அப்படி நடந்தால் இதயம் தாறுமாறாகத் துடித்து ஆள் போய்விடுவார் என்பது அன்றைய நம்பிக்கை. சோன்ஸ் நெஞ்சைத் திறக்கக் கத்தி தேடி ஓடினார். பார்த்தால் இதயம் வெறுமனே நின்றிருக்கிறது, நோயாளிக்கு நினைவு இருக்கிறது. "இருமு" என்று கத்தினார். அவர் மூன்று நாலு முறை பலமாக இருமியதும் சாயம் தள்ளப்பட்டு இதயம் மறுபடி துடித்தது. இதயத் தமனிக்குள்ளேயே சாயம் விட்டுப் படம் எடுக்கலாம் என்பது அந்த விபத்தில்தான் தெரிந்தது. அது தெரிந்திராவிட்டால் பின்னால் வந்தவர்கள் எந்த அடைப்பைக் குறிபார்த்துப் பலூன் ஊதியிருப்பார்கள்? பழைய சாயங்கள் இதயத்தை மந்தமாக்கும் என்பதால் நெடுநாள் வரை நோயாளிகளை இருமச் சொல்வது வழக்கமாகவே இருந்ததாம்.

அப்பாவின் இதயமும் ஒரு கணம் சுணங்கியிருக்க வேண்டும். அவர் என்னவோ, தனக்குச் சளி பிடித்திருப்பதாக அவர்கள் நினைத்துவிட்டார்கள் என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.